அவை பிழைத்தது மாறாமல் இருந்ததால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்கு இங்கிலாந்தின் பழைய கிராமத்து வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுதுவோர் அரிது என்பதால் ஆவலோடுதான் பிரித்தேன். படங்கள் அருமை. ஆனால், கட்டிய நாளிலிருந்து எதுவும் மாறாமல் அப்படியே நிற்பதுதான் இந்த வீடுகளின் பெருமை என்று கட்டுரை முடிந்ததைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கிழக்கு சசெக்ஸில், பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் தச்சு வேலை செய்பவள். என் கைக்கு வந்த எந்த வீடும் மாறாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கு வெட்டவும் ஒட்டவும் அந்த வீடுகள் இடம் கொடுத்தன. அதனால்தான் அவற்றில் இன்றும் ஆள் குடியிருக்கிறார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் வேலை பார்க்கும் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் முகப்பு, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சன்னல்கள் வரிசையாக, நடுவில் கதவு. 18ஆம் நூற்றாண்டு வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பின்பக்கம் போனால் ஓட்டுக் கூரை ஆள் உயரத்துக்கு இறங்கி வருகிறது. கூரைக்குள் ஏறினால்தான் வீட்டின் உண்மையான வயது தெரிகிறது. நடுப்பகுதியில் உள்ள கைமரங்கள் அத்தனையும் கன்னங்கரேலென்று இருக்கின்றன. தீப்பிடித்துக் கருகியதல்ல. தொட்டால் விரலில் ஒட்டும் புகைக்கரி. சில இடங்களில் அது இறுகி, கீல் பூசியதுபோல் மின்னுகிறது. இரண்டு முனைகளிலும் உள்ள கைமரங்களிலோ அந்தக் கரி துளியும் இல்லை. மரம் பழுத்த தேன் நிறத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள மண் தடுப்புச் சுவரில் ஒரு முகம் கறுப்பு, மறு முகம் வெளுப்பு.

அந்தக் கரிதான் எங்களுக்கு ஆவணம். இந்த வீடு கட்டப்பட்டபோது அதற்குப் புகைபோக்கி கிடையாது. நடுவில் தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த ஒரே கூடம். தரை நடுவே விறகு எரியும். புகை மேலே போய்க் கைமரங்களுக்கிடையே திரண்டு நின்று, முகட்டின் இரு முனைகளிலும் விட்ட சிறு திறப்புகள் வழியாகவும் ஓட்டு இடுக்குகள் வழியாகவும் மெல்ல வெளியேறும். சன்னல்களுக்குக் கண்ணாடியும் கிடையாது. செங்குத்தான ஓக் குச்சிகளை மூலை முன்னால் பார்க்க நிறுத்தி, உள்ளே மரக் கதவு வைத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறப்பார்கள். கூடத்தின் ஒரு முனையில் வீட்டுக்காரரின் தனியறை, மேலே படுக்கை. மறுமுனையில் பானங்களுக்கு ஓர் அறை, ரொட்டிக்கும் உலர்ந்த பண்டங்களுக்கும் ஓர் அறை. அந்த முனை அறைகளுக்கு மட்டும் மாடி உண்டு. அந்த மாடி கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கூரை மட்டும் மூன்று பகுதிக்கும் ஒன்றே. நடுக்கூடத்தின் முகப்பு உள்வாங்கி நிற்பதால், அங்கே இறவாரத்தைத் தாங்க இரண்டு வளைந்த மரங்கள் இருபுறத்திலிருந்தும் கைநீட்டி நிற்கும். கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களில் பரந்திருக்கும் வீல்ட் காட்டுப்பகுதியின் பெயரால் இதை வீல்டன் வீடு என்கிறோம்.

இவற்றைப் பிரபுக்களின் மாளிகைகள் என்று கட்டுரை சொன்னதும் சரியல்ல. பெரும்பாலும் இவை சொந்தமாக நிலம் வைத்து உழுத வசதியான விவசாயிகளின் வீடுகள். 1348-49இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு உயிரோடு இருந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது, கூலி உயர்ந்தது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் கென்டிலும் சசெக்ஸிலும் எழுந்த வீடுகளில் எத்தனையோ இன்னும் நிற்கின்றன. அவ்வளவு பெரிய சாவுக்குப் பின் வந்த நிலத்திலும் கூலியிலும் இந்த உத்திரங்கள் ஏறின என்பதை நான் மறப்பதில்லை.

புகைபோக்கிக்கு வருகிறேன். கட்டுரையோடு வந்த படத்தில் கூரை நடுவே பெரிய செங்கல் புகைபோக்கி கம்பீரமாக நிற்கிறது. கீழே, 15ஆம் நூற்றாண்டிலிருந்து மாறாத வீடு என்று குறிப்பு. அந்தப் புகைபோக்கி ஒன்றே போதும், வீடு தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் விவசாயிகளுக்கும் எட்டும் பொருளாயிற்று. எசெக்ஸில் ராட்வின்டர் ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் வியக்கும்படி மாறியதாகச் சொன்ன மூன்று விஷயங்களை 1577இல் அச்சான தம் நூலில் பதிவு செய்தார். அவற்றில் முதலாவது, புதிதாக எழும்பியிருந்த புகைபோக்கிகளின் பெருக்கம். மற்றவை படுக்கையும் பாத்திரமும். புகை வீட்டு மரத்தை இறுக்கும், வீட்டாரைச் சளியிலிருந்து காக்கும் என்று முன்பு நம்பியதையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெரியவர்கள் பிறந்தது புகைக் கூடத்தில். கிழவர்களாகி உட்கார்ந்தது புகைபோக்கியடியில்.

புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்தின் மேற்பகுதி வெறும் இடமாகிவிட்டது. உடனே அதற்குக் குறுக்கே உத்திரம் போட்டு மாடி எழுப்பினார்கள். மாடிக்குப் போகப் படிக்கட்டு வந்தது. ஒரே கூடத்தில் எசமானும் வேலையாட்களும் சேர்ந்து உண்ட வாழ்க்கை அறை அறையாகப் பிரிந்தது. இப்போது எங்கள் வீட்டில் (வேலை பார்க்கும் வீட்டை நாங்கள் எங்கள் வீடு என்றுதான் சொல்வோம்) குழந்தைகள் தூங்கும் அறை, அந்த நாளில் புகை மண்டி நின்ற வெற்றிடம். அவர்கள் கட்டிலுக்கு மேல் ஓடும் விட்டத்தில் சுண்ணாம்புப் பூச்சை மெதுவாக எடுத்தபோது கரி தெரிந்தது. பின்னர் பணம் சேர்ந்தபோது மரவீடு பழைய பாணி என்று தோன்றியிருக்கிறது. தெருப்பக்கம் மட்டும் செங்கல் முகப்பு வைத்தார்கள். பின்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தால்தான் எங்களுக்குப் பின்சுவர் முழுசாகக் கிடைத்தது.

கப்பல் மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடைத்த போர்க்கப்பல்களின் மரத்தால் இந்த வீடுகள் கட்டப்பட்டன என்று கட்டுரை சொல்கிறது. இங்கே மதுக்கடைகளிலும் இதைத்தான் சொல்வார்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில், சுற்றிலும் ஓக் காடு இருக்கும் ஊருக்குச் சேற்றுப் பாதையில் எதற்காகக் கப்பல் மரத்தை இழுத்து வர வேண்டும்? வெட்டிய ஓராண்டு, ஈராண்டுக்குள், ஈரம் காயாத ஓக்கைத்தான் பயன்படுத்தினார்கள். பச்சை ஓக் உளிக்கு இணங்கும். காய்ந்த ஓக் உளியின் முனையைத் தின்னும். ஒரு தூணுக்கு ஒரு மரம் என்ற அளவில் இளமரங்களாகத் தேர்ந்து, நாலு பக்கமும் செதுக்கி எடுத்தார்கள். சஃபோக்கில் ஸ்டான்டன் ஊரில் கிரண்டில் ஹவுஸ் என்ற பண்ணை வீட்டுக்கு 300-க்கும் மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டன என்று காட்டு வரலாற்று அறிஞர் ஆலிவர் ராக்கம் கணக்கிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சிறு மரங்கள். காடு அழியவில்லை, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது. உத்திரங்களில் காலியாக இருக்கும் துளைகளைக் காட்டி, இதோ கப்பலின் அடையாளம் என்பார்கள். அவை பிற்காலத்தில் எடுத்துவிட்ட தடுப்புச் சுவரின் துளைகள். அல்லது வேறொரு வீட்டைப் பிரித்து வந்த மரம்.

வீட்டின் மரச்சட்டத்தை முதலில் பட்டறை முற்றத்தில் தரையில் கிடத்தி இணைத்துப் பார்ப்பார்கள். ஒரு மரத்தின் நுனியில் நாக்கு செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, குறுக்கே ஓக் ஆணி அடிப்பார்கள். நாக்கில் போடும் ஓட்டையைத் துளையின் ஓட்டைக்கு நேராகப் போடாமல் இம்மி தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே போகப் போக மூட்டு இறுகிக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்ணைக் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றி, வீட்டு மனையில் மறுபடி நிறுத்துவார்கள். நாலுக்கு நாலு கோடு, ஐந்துக்கு ஒரு கூர்முனை. அந்தக் கீறல்கள் எங்கள் வீட்டில் இன்னும் வரிசை பிசகாமல் இருக்கின்றன. மாடி வெளியே நீட்டும் மூலைத் தூணை வேர்ப்பக்கம் மேலாக, தலைகீழாக நட்டிருக்கிறார்கள், பருத்த அடிப்பகுதி மேலே இருந்தால் இரண்டு உத்திரங்களும் அதில் உட்காரும் என்பதற்காக. இந்த அறிவுக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் தலைவணங்குகிறேன். பெயர் தெரியாத ஒரு தச்சரின் மணிக்கட்டுப் பழக்கம், அவர் உளி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரை, மரத்தில் இருக்கிறது.

கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்ற கோலம் எங்கள் பகுதியில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. அதற்கு முன் இங்கே ஓக்கை வெயிலுக்கும் மழைக்கும் விட்டு வெள்ளிச் சாம்பலாக வெளுக்க வைத்தார்கள். அல்லது மரம், சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

இனி நான் எழுதுவதற்கான உண்மையான காரணம். உங்கள் வாசகர்களில் இங்கிலாந்தில் வாழ்பவர்கள் பலர் இருப்பார்கள். சிலர் இத்தகைய வீடுகளை வாங்கவும் கூடும். மாறாத வீடு என்ற எண்ணத்தோடு உள்ளே போகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய் ஒன்றையும் தொடாமல் ஒழுகவிடுகிறார்கள். சிலர் இனி ஒருபோதும் மாறாதபடி உறுதியாக்கிவிடலாம் என்று சிமென்டை வாங்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் 1970களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. மரச்சட்டங்களுக்கு இடையே இருந்த பழைய சுவர், ஓக் முளைகளில் ஹேசல் என்ற சிறு மரத்தின் குச்சிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், மாட்டுச் சாணம் குழைத்து அப்பியது. அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. மழை நனைக்கும், வெயிலும் காற்றும் உலர்த்தும். உள்ளே போன ஈரம் வந்த வழியே வெளியேறும். மரம் அசைந்தால் பூச்சும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அதன்மேல் யாரோ சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் அசையாது. மரத்துக்கும் அதற்கும் நடுவே மயிரிழை விரிசல் விட்டது. அந்த வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. நாங்கள் சிமென்டை உடைத்தபோது, ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வீட்டைச் சுமந்த அடிச்சட்டத்தைக் கையாலேயே பிய்க்க முடிந்தது. காளானும் வண்டும் மிச்சம் வைத்தது தூள்தான். அந்த மரத்தை அவ்வளவு காலம் எதுவும் செய்யவில்லை. ஐம்பது ஆண்டுச் சிமென்ட் முடித்துவிட்டது. அன்று பட்டறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

பழுதை நீக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கெட்டதை மட்டும் வெட்டுகிறோம். வைரம் பாய்ந்த நல்ல கட்டை எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்துகிறோம். புதிய ஓக் துண்டைச் சாய்வாகக் கோத்து மர ஆணியால் பிணைக்கிறோம். புதுத் துண்டுக்குச் சாயம் பூசிப் பழசுபோல் ஏமாற்றுவதில்லை. மறைவான முகத்தில் ஆண்டைச் செதுக்கி வைக்கிறோம், அடுத்து வருகிறவருக்கு எது யார் வேலை என்று தெரிய வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் ஆட்டு மயிர் கலந்து ஒரு பூச்சுப் பூசி, அது இறுகக் காத்திருந்து அடுத்ததைப் பூசுகிறோம். உறைபனிக் காலத்தில் வெளிப்பூச்சைத் தொடவே மாட்டோம்.

இந்த நெறி எங்கள் பட்டறை கண்டுபிடித்ததல்ல. பழையதைப் புதிது போலாக்கும் மோகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்கள் தேவாலயங்களைச் சுரண்டித் தள்ளியதைக் கண்டு கொதித்த வில்லியம் மோரிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடு என்பது அதன் கொள்கை. சசெக்ஸில் கக்மியர் ஆற்றோரம் இருக்கும் ஆல்ஃபிரிஸ்டன் ஊரில், தேவாலயத்தை ஒட்டி, வைக்கோல் வேய்ந்த ஒரு வீல்டன் வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தது. அந்தச் சங்கத்தின் ஆலோசனையோடு ஊர்ப் பாதிரியார் அதைக் காக்கப் போராடினார். பழைய இடங்களைக் காக்க 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, 1896இல் அதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். கோட்டையும் அரண்மனையும் நிறைந்த நாட்டில் அது முதலில் வாங்கிக் காத்தது ஒரு கிராமத்து வீடு என்பதில் எனக்கு நிரம்ப மகிழ்ச்சி. உங்கள் வாசகர்கள் போனால் கூடத்தின் தரையைக் குனிந்து பார்க்கட்டும்: சுண்ணாம்புப் பாறையை இடித்துப் புளித்த பால் விட்டு மெழுகிய தரை. மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரிலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்தில் பேலீஃப் வீட்டையும் பார்க்கலாம். கென்டில் பவ் பீச் நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்க இருந்த வீடு அது. கழற்றி எடுத்து வந்து மறுபடி கோத்தார்கள். கோத்தது பிரிக்கவும் வரும் என்பதால்தான் அது முடிந்தது. அங்கே கூடத்தின் நடுவே இன்றும் நெருப்பு மூட்டுகிறார்கள். கண் கரிக்கும், பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

இந்த நாட்டுச் சட்டம் ஓர் ஆணியைக்கூடத் தொட விடாது என்று கட்டுரையாளர் பயமுறுத்தியதையும் திருத்த வேண்டும். 1700க்கு முன் கட்டி, பழைய அமைப்பு பெருமளவு மிஞ்சியுள்ள வீடுகள் இங்கிலாந்தில் பெரும்பாலும் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பட்டியலிலுள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூராட்சியின் ஒப்புதல் வேண்டும். பெறாமல் செய்வது குற்றம். ஆனால் அதே பொருளால், அதே முறையில் செய்யும் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக ஒப்புதல் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் உள்ளூராட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். உள்ளே குளியலறை வைக்கலாம், வெதுவெதுப்பாக வாழலாம். வீடு அதற்கெல்லாம் பழகியதுதான்.

உண்மையான தடை வரியில் இருக்கிறது. இந்த நாட்டில் புதிய வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கும் வீட்டைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். எங்கள் அடிச்சட்ட வேலைக்கு 10,000 பவுண்டு என்றால், வீட்டுக்காரர் மேலும் 2,000 பவுண்டு வரியாகக் கட்ட வேண்டும். பட்டியலிலுள்ள வீடுகளில் ஒப்புதல் பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது முன்பு விலக்கு இருந்தது. 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இந்த வரியைத் தாங்க முடியாமல் கூரை வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். மழை அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதில்லை. பழுதுபார்ப்புக்கான வரியைக் குறைக்கச் சொல்லி எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் வாழும் உங்கள் வாசகர்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சர், உங்கள் வாசகி
கிழக்கு சசெக்ஸ், இங்கிலாந்து